ஹார்லோ மாவட்டத்துக்கு எத்தனை மதிப்பெண்

ஆர்டித் தன் நிலத்தின் குறையென்று நினைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னதெல்லாம் டோபினுக்கு நிறைவாகவே பட்டது.

"செல்போன் இங்க எடுக்காது தம்பி. மேட்டுல ஏறி நின்னா லேசா வரும்."

"ரொம்ப நல்லது, மேடம்."

"ஜனவரியில கணவாய் ரோட்டை மூடிடுவாங்க. சில வருஷம் மார்ச் வரைக்கும் திறக்கறதில்ல."

"அருமை!" என்று சொல்லி அவன் கைக்கணினியில் எதையோ தட்டினான்.

அவள் உற்சாகமாகி, பெரிய நெடுஞ்சாலை இந்தப் பக்கம் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றாள். அவன் முகம் வாடிவிட்டது.

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்பலேர்ந்து சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க. வராது," என்று அவள் அவசரமாகச் சேர்த்தாள். அவன் முகம் தெளிந்தது.

மின்சாரமும் கடைகளும் அரசாங்கமும் ஏதோ ஒரு நாள் ஒருசேர நின்றுபோகும் என்று நம்புகிறவர்கள் டோபின் எழுதுவதைப் படித்தார்கள். அதற்குமுன் ஒதுக்குப்புறமாக நிலம் வாங்கி, சொந்தக் கிணறும் கோழியும் விறகுமாக உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அவர்களுக்காக அவன் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி மதிப்பெண் போட்டான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து வடகோடியில் இருக்கும் ஹார்லோவுக்கு வந்தபோது, விற்பனைக்கு இருந்த நிலங்களில் மாதிரிக்கு ஆர்டித்தின் நிலத்தைப் பார்க்கிறேன் என்றான். அவன் நல்ல மதிப்பெண் போட்ட இடம் உடனே விலைபோகும் என்று ஊரில் சொன்னார்கள்.

அவளுக்கு உடனே விலைபோக வேண்டியிருந்தது. கணவன் ஓரினின் இதயம் பாதிதான் வேலை செய்தது. குளிர்காலத்தில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருத்துவமனையோ கணவாய்க்கு அந்தப் பக்கம். நிலத்தை விற்று அங்கே ஒரு வீடு வாங்கிவிட வேண்டும், பனி விழுமுன். ஓரின் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பெரிய முடிவுகள் எப்போதும் பேசாமலேதான் எடுக்கப்பட்டன. இதுவும் அப்படித்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

டோபின் ஊற்றையும் விறகுக்காட்டையும் தனியாகப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேட்டுப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"ஏன் மேடம் முதல்லயே சொல்லல? பதுங்கறை தோண்ட ஆரம்பிச்சிருக்கீங்களே!"

"என்ன அறை?"

"அந்தப் பெரிய பைன் மரத்துக்குப் பின்னால. மேல பலகை போட்டு, கல்லு வச்சு மூடியிருக்கு. தூக்கிப் பார்த்தேன். நாலு பக்கமும் கேக் வெட்டின மாதிரி நேரா இருக்கு. என்ன, கொஞ்சம் குறுகல். ஒரு ஆளுதான் படுக்கலாம்."

பைன் மரத்தடியில் ஓரினின் பெற்றோர் புதைக்கப்பட்டிருந்தார்கள். தரையோடு பதித்த கல்லறைக் கற்கள். உதிர்ந்த பைன் ஊசிகள் மூடிக் கிடந்தால் புதியவன் கண்ணுக்குத் தெரியாது. நவம்பர் பிறந்தால் ஹார்லோவில் மண் இறுகிப் பாறையாகிவிடும். குளிரைத் தாண்டமாட்டார் என்று தோன்றுகிறவருக்கு அக்டோபரிலேயே குழி வெட்டிப் பலகை போட்டு வைப்பது ஊர் வழக்கம். போன வாரம் அவள் வீடு பார்க்கக் கணவாய் தாண்டிப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது முற்றத்தில் பொக்லைன் தடம் இருந்தது. பக்கத்துப் பண்ணை லைல் வாய்க்கால் தூர்வார வந்தான் என்றான் ஓரின்.

அவள் உள்ளே போனாள். ஓரின் ஜன்னலோர நாற்காலியில் இருந்தான்.

"லைல் வாய்க்கால் தூர்வார வந்தான்னு சொன்னே."

"வாய்க்காலும் தூர்வாரினான்."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. அவள் அதைச் சரிசெய்யப் போகவில்லை.

"அந்தத் தம்பி அதைப் பதுங்கறைன்னு நினைச்சுட்டுது. கூடுதலா மார்க் போடுதாம்."

ஓரினுக்குச் சிரிப்பு வந்து மூச்சிரைத்தது. "பதுங்கலாமே. ஒரு பய தேடி வரமாட்டான்."

"சிரிக்காதே. நான் அங்க வீடு வீடாப் படியேறிப் பார்த்துக்கிட்டிருக்கேன், நீ இங்க குழி வெட்டிட்டு உக்காந்திருக்கே. வரமாட்டேன்னு வாயைத் திறந்து சொல்லிட்டுப் போயேன்!"

"வரமாட்டேன்னு யாரு சொன்னா?"

"வர்றேன்னு யாரு சொன்னா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் காத்திருந்தாள், அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

"வர்றேன் ஆர்டித். ஆனா அங்கயே பிப்ரவரியில செத்துப்போயிட்டேன்னு வை. கணவாய் திறந்ததும் நீ என்னை இங்கதான் கொண்டுவருவே. குழி தயாரா இல்லாட்டி, மண்ணு இளகற வரைக்கும் ரோடு போடறவங்க ஷெட்டுல, பனி உருக்கற உப்பு மூட்டைங்களுக்குப் பக்கத்துல கிடக்கணும். எங்கப்பாவை அப்படித்தானே போட்டாங்க. நீதான் தினம் போய்ப் பார்த்துட்டு வந்தே."

அவள் மறந்திருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தத் தகரக் கதவைத் திறந்து, சொல்ல எதுவுமில்லாமல் சற்று நின்றுவிட்டு வருவாள்.

"நிலத்தை வித்துட்டா அந்த இடம் யாரோடதாம்?" என்று கேட்டாள்.

"அதை உங்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்."

"இத்தனை நாளாவா?"

"பேச்சு வரல."

டோபின் தன் வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்தான். அவள் நேராக அவனிடம் போனாள்.

"அது பதுங்கறை இல்ல தம்பி. என் வீட்டுக்காரருக்கு வெட்டின குழி."

அவன் தொப்பியைக் கழற்றினான். பலகையைத் தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாதவன் போல நின்றான். "தெரியாம... மன்னிச்சிருங்க மேடம்."

"பரவாயில்ல. நிலத்தை விக்கறேன். பைன் மரத்தடியையும் அதுக்குப் போற பாதையையும் மட்டும் விக்கல. அப்படியே எழுதிக்க."

அவன் உடனே எழுதவில்லை. "எங்க ஆளுங்க தயங்குவாங்க மேடம். கேட்டை இழுத்துப் பூட்டணும்னுதான் இவ்வளவு தூரம் வர்றாங்க. வெளியாளுக்கு உள்ள வர உரிமை இருக்குன்னா மார்க் நிறைய குறையும். பனிக்கு முன்னாடி யாரும் வாங்காமலே போகலாம்."

"எந்த வெளியாளு?"

அவன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்கதான் மேடம்."

ஆர்டித் முற்றத்தைப் பார்த்தாள், தொழுவத்தைப் பார்த்தாள். பைன் மரத்துக்கு மேலே மேகம் இறங்கியிருந்தது.

"குறைச்சே போடு," என்றாள்.

வண்டி வளைவு திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

"என்ன சொன்னான்?" என்றான் ஓரின்.

"இந்த வருஷம் விக்காதுங்கறான். விக்காட்டிப் போகட்டும். மாடுங்களை லைலுக்குக் குடுத்துட்டு, அங்க ஒரு ரூமை வாடகைக்கு எடுத்துக்கலாம். சமையல் ரூம்லயே கட்டில் போட வேண்டியிருக்கும்."

"உன் குறட்டைக்கு ஒரு ரூம் பத்தாதே."

"உன்னை நடையில படுக்க வைக்கறேன்."

அவன் குனிந்து, நாற்காலிக்கு அடியில் கிடந்த பூட்ஸைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"என்னைக்குக் கிளம்பணும்?" என்று கேட்டான்.