அத்தானை வெட்டிய படம்

அக்கா அழுகிற படம் கடைத்தெரு முக்கில் ஒரு மாடி உயரத்துக்கு நின்றது. கன்னத்தில் கண்ணீர், சிவந்த மூக்கு, நெற்றியில் ஒட்டிய முடி. பக்கத்தில் கொட்டை எழுத்தில், "இன்னும் எத்தனை நாள் அடி வாங்குவீர்கள்? விவாகரத்துக்கு எங்களிடம் வாருங்கள்." கீழே ஒரு வக்கீல் ஆபீஸின் போன் நம்பர்.

பார்த்த தங்கைக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான். போட்டோ எடுப்பது அவள் பிழைப்பு. வீட்டில் அவளைக் கூப்பிடுவதே போட்டோக்காரி என்றுதான். அன்றைக்கு வீட்டில் இருபது பேருக்குச் சமையல். அக்காவும் அத்தானும் வெங்காயத்தை மலையாகக் குவித்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் கண்ணில் தாரை தாரையாகக் கொட்டியது. உண்மையைச் சொன்னால் அக்காவை விட அத்தான்தான் அதிகமாக அழுதார். படம் பிடித்துப்போய், இருவரிடமும் கேட்டுவிட்டு, தன் இணையப் பக்கத்தில் போட்டாள். கீழ்மூலையில், வெங்காயத்தின் மேல், தன் பெயரையும் போட்டிருந்தாள்.

வக்கீல் ஆபீஸ்காரர்கள் அத்தானை வெட்டி, வெங்காயத்தை வெட்டி, அதோடு அவள் பெயரையும் வெட்டி எறிந்துவிட்டு, அக்காவின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புருஷனையும் பெண்டாட்டியையும் பிரிக்க அவர்களுக்கு ஒரு மனுகூடத் தேவைப்படவில்லை.

அத்தான் லேடீஸ் டெய்லர். வாயில்லாப் பூச்சி. அளவு எடுக்க டேப்பை நீட்டும்போதே "மன்னிச்சுக்கோங்கம்மா" என்பவர். பெண்டாட்டியை அடிக்கிறவனிடம் அளவு கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலேயே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அக்கா வீடு வீடாகப் போய் மறுத்தாள். அவள் மறுக்க மறுக்க ஊருக்குச் சந்தேகம் தீர்ந்து, நிச்சயமே ஆகிவிட்டது.

"அடி வாங்கறவங்க எல்லாரும் இப்படித்தான்மா சொல்வாங்க," என்று எதிர்வீட்டு அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். நல்ல மனசுதான். அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

யாரைக் கோபித்துக்கொள்வது என்பதில் போட்டோக்காரிக்குக் குழப்பமே இல்லை. லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு வக்கீல் ஆபீஸ் மாடி ஏறினாள்.

வக்கீல் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "நெட்ல கெடந்ததும்மா. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமே."

"உங்க பைக்கும் கீழ சும்மாதான் கெடக்குது. எடுத்துக்கிட்டுப் போகட்டுமா சார்?"

"சரி, படம் உங்களுதுதான்னு நான் எப்படி நம்பறது?"

அவள் முழுப் படத்தையும் திறந்து அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தியும் கையுமாக அத்தான். வக்கீல் அடக்கப் பார்த்தும் சிரித்துவிட்டார்.

"அடடா! ஒண்ணு பண்ணலாம்மா. உங்க பேரைக் கீழ போட்டுடறேன். உங்களுக்கும் விளம்பரமாச்சு."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தாராளமாகப் பரிமாறிவிட்டு, நெய் யார் வீட்டுது என்று வேண்டுமானால் சொல்லிவிடுகிறேன் என்கிறார்! சட்டம் படித்த மனுஷன்.

"என் பேரப் போட்டா, தங்கச்சியே அக்காவ வித்துட்டான்னு பேசுவாங்க. எடுத்தவ நான். நான் அனுமதி குடுக்கல. கழட்டுங்க. இல்லன்னா கேஸ் போடுவேன், வேற வக்கீலப் பாத்து."

மறுநாள் காலையில் முக்கில் வெறும் இரும்புச் சட்டம்தான் நின்றது. நல்ல சேதியைச் சொல்ல அக்கா வீட்டுக்கு ஓடினாள். அவளுக்கு முன்பே எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று அக்காவிடம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுக்காரரு போய் மிரட்டித்தானே கழட்ட வெச்சாரு? பாவம்மா நீ."

முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அத்தான் அதன் மேல் உறையைப் போட்டு மூடினார். அந்த அம்மா போன பிறகு, "நான் வேணா கொஞ்ச நாள் வேற எங்கயாவது போய் இருக்கட்டுமா?" என்று கேட்டார். "உனக்காவது இந்தப் பேச்சு நிக்கும்."

அக்கா அன்றைக்குத்தான் நிஜமாக அழுதாள்.

போட்டோக்காரி வந்த காலோடு திரும்பி மறுபடியும் அந்த மாடி ஏறினாள். வக்கீல் அவளைப் பார்த்ததும், "அதான் கழட்டியாச்சேம்மா?" என்றார்.

"படத்தைக் கழட்டிட்டீங்க. பாத்தவங்க கண்ணுலேருந்து யாரு கழட்டறது?" மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். "இந்தப் படத்துக்கு நான் அனுமதி தர்றேன். அதே இடத்துல, அதே அளவுல, ஒரு ஓரம்கூட வெட்டாம மாட்டுங்க. அத்தானோட, வெங்காயத்தோட. அந்த அடி வாங்கற வாசகம் மட்டும் வேண்டாம்."

"இத மாட்டினா எனக்கு என்னம்மா விளம்பரம்?"

"எங்க அத்தான் மட்டும் உங்க விளம்பரத்துக்குன்னே பொறந்தாரா சார்? மாட்டுங்க."