வேடிக்கை பார்த்த பக்கம்

பெனார்த் துறையை விட்டுக் கிளம்பிச் சற்று நேரத்தில் என் தம்பி எம்லின் கப்பலின் வலப்பக்கத்திலிருந்து கடலில் விழுந்தான். நாங்கள் இருவரும் அதே கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்தவர்கள். அவனுக்கு நீச்சல் தெரியாது. மிதவை வளையத்தை வீசினேன், பிடித்துக்கொண்டான். ஆனால் அந்தக் கடலின் குளிர் எனக்குத் தெரியும். கை விறைத்தால் வளையம் என்ன செய்யும்?

கேப்டன் ப்ராஸர் கப்பலை அவன் பக்கம் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை.

காரணம் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கரையில் மதுக்கடை கிடையாது, கப்பலில் உண்டு. அதற்காக ஏறிய கூட்டம் முழுக்க வேடிக்கை பார்க்க வலப்பக்கம் ஓடியது. கப்பல் சாய்ந்தது. இரு பக்கமும் தண்ணீரைத் தள்ளும் துடுப்புச் சக்கரங்களால் ஓடும் கப்பல் அது. இடப்பக்கச் சக்கரம் காற்றில் சுற்ற, வலப்பக்கச் சக்கரம் ஆழத்தில் உழுதது. அப்படி உழுதால் கப்பல் இடப்பக்கம்தான் போகும். இவர்கள் பார்க்கப் பார்க்க என் தம்பி தூரமானான்.

"அந்தப் பக்கம் போங்கய்யா! கப்பல் திரும்ப மாட்டேங்குது!" என்று கெஞ்சினேன்.

"நாங்க நகந்தா உன் கப்பல் திரும்பிருமாக்கும்? போய்யா!"

"ஐயோ, முங்கிட்டான்! இல்ல இல்ல, தலை தெரியுது பாரு!"

தொப்பிக்காரி ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். "கைய எடு! நான் போனா இந்த இடத்த வேற ஒருத்தி பிடிச்சுக்குவா," என்றாள்.

கெஞ்சினால் மனிதன் அசைய மாட்டான். தொண்டை கிழியக் கத்தினேன்: "இடப்பக்கம் பீப்பாயத் திறந்தாச்சு! பியர் சும்மா! கேப்டன் குடுக்குறாரு!"

ஓடினார்கள். தொப்பிக்காரியும் ஓடினாள். கப்பல் நிமிர்ந்தது, திரும்பியது. கேப்டன் எம்லின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சக்கரங்களை நிறுத்தினார்.

வலப்பக்கச் சக்கரத்தை மூடிய கூண்டுக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். எட்டவில்லை. ஒரு முழம் குறைந்தது. வளையம் தனியாக மிதந்தது. எம்லின் கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

"டேய் எம்லின்! கையக் குடுடா! எம்லின்!"

பின்னால் காலடிச் சத்தம். பீப்பாய் இல்லை என்று தெரிந்து எல்லோரும் என்னை உதைக்கத் திரும்பி வந்தார்கள்.

"பொய் சொன்ன பய எங்கடா?"

கப்பல் மறுபடி வலப்பக்கம் சாய்ந்தது. என் முகத்தை நோக்கித் தண்ணீர் ஏறி வந்தது. எம்லின் தலைமுடிதான் கைக்குக் கிடைத்தது. பிடித்து இழுத்தேன். யாரோ குடையால் என் முதுகில் அடித்தார்கள். விடவில்லை. தோள் வந்தது, இடுப்பு வந்தது. கவிழ்த்துப் போட்டு முதுகில் குத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி குத்தினேன். மறுபடியும்.

அவன் வாயிலிருந்து கடல் என் மடியில் கொட்டியது. இருமினான்.

"அதெல்லாம் சரி," என்றான் தலைக்கு மேல் ஒருவன், "பியர் எங்கய்யா?"