தோண்டக் கூடாத நிலம்

அப்பா இறந்த சேதி வந்தபோது கீதாஞ்சலி அயர்லாந்தில் இருந்தாள். என்னிஸ் என்ற ஊரின் மருத்துவமனையில் அவள் நர்ஸ். வேலை முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி கலைவாணன் கூப்பிட்டான்.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா. மதியம் சாப்பிட்டுட்டுப் படுத்தாரு. எழுந்திருக்கல."

அவள் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டாள்.

"பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. ஃப்ரீசர் பெட்டி கொண்டாந்துட்டோம். நீ வந்தப்புறம்தான் எடுக்கறது. ஓடைக்கொல்லையில அசோக் அண்ணன் பக்கத்துலயே வச்சிடலாம். அவரு எப்பவும் அதைத்தானே சொல்லுவாரு."

அசோக் அவர்களுக்கு நடுவில் பிறந்தவன். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் போய்விட்டான். அரியலூருக்கு மேற்கே, பெரம்பலூர் எல்லையை ஒட்டி இருக்கிற அவர்கள் ஊரான கல்லோடையில் சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டு மூடாமல் விட்டுப்போன பள்ளம் ஒன்று உண்டு. அதில் மழைத்தண்ணீர் கோடையிலும் பச்சையாக நிற்கும். கோடை விடுமுறையில் கூட்டாளிகளோடு குளிக்கப் போனவன் மேலே வரவில்லை. அவனை ஊர் இடுகாட்டுக்குக் கொண்டுபோக அப்பா பழனிவேலுக்கு மனம் வரவில்லை. தன் கொல்லையின் கடைசியில், ஓடை திரும்புகிற இடத்தில் வைத்தார். அதன் பிறகு அந்த நிலத்தில் கடலை போடும்போதும் சோளம் போடும்போதும் அந்த மூலையை மட்டும் உழாமல் விட்டுவிடுவார்.

அந்த ஓடைக்கரை முழுக்கச் சங்கு போலச் சுருண்ட கற்கள் கிடக்கும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஊர்க்காரர்களுக்கு அது காலில் இடறுகிற கல். சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் அந்த ஓடையையும் அதை ஒட்டிய கொல்லைகளையும் இயற்கைப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப் போவதாகச் சொன்னது. நிலம் அவரவர் பேரிலேயே இருக்கும், உழுது பயிர் வைக்கலாம், ஆனால் பள்ளம் தோண்டக் கூடாது, கல் எடுக்கக் கூடாது. கிராம சபையில் ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே சமயத்தில் ஒரு சுரங்கக்காரரும் அந்தக் கொல்லைகளை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கொல்லைக்காரர் கொளஞ்சி விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மகள் கல்யாணத்துக்கு அவருக்கு வேறு வழி இல்லை. அவரும் பழனிவேலும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக மாடு மேய்த்தவர்கள்.

சபைக்கு முந்தின நாள் பழனிவேல் மகளுக்குப் போன் செய்தார்.

"அங்கெல்லாம் இந்த மாதிரி இருக்காம்மா? கல்ல அரசாங்கம் காக்கறது?"

"இருக்குப்பா. நான் இருக்கற ஊருக்குப் பக்கத்துலயே கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சுண்ணாம்புப் பாறைதான். விவசாயிங்க நிலந்தான். மாடு மேயுது, நடுவுல பூப் பூக்குது. அத நல்லா வச்சிக்கறதுக்கு அரசாங்கமே அவங்களுக்குப் பணம் குடுக்குது."

"தோண்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா."

"சரிம்மா, அது போதும்" என்றார்.

சபையில் முதலில் எழுந்தவர் அவர்தான். அதிகம் பேசவில்லை. "ஒரு குழிக்கு ஒரு புள்ளயக் குடுத்தாச்சு. இனிமே இந்த ஊர்ல யாரும் குழி தோண்ட வேணாம்" என்றார். கைகள் உயர்ந்தன. கொளஞ்சி மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றோடு பேச்சு நின்றது.

கம்பிவேலி வந்தது, நீலப் பலகை வந்தது. காட்சிக்கூடம் வரும், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்றது வரவில்லை. பணமும் வரவில்லை. கொளஞ்சி தண்ணீருக்காகப் போர் போட அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். சுரங்கக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கொளஞ்சி மகளின் கல்யாணம் தள்ளிப் போய், ஒருவழியாக முடிந்தபோது பழனிவேலுக்கு அழைப்பு இல்லை.

கீதாஞ்சலி திருச்சியில் இறங்கிக் காரில் ஊர் வந்து சேர்ந்தபோது பறைச்சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அப்பா பெட்டிக்குள் கண்ணாடிக்குக் கீழே இருந்தார். முகம் சரியாகத் தெரியாதபடி கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. அம்மா புஷ்பவல்லி அதைத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இரண்டு பேரும் அழுது முடிக்க நேரமானது.

வெளியே சத்தம் மாறியது. கீதாஞ்சலி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் குழி வெட்டக் கிளம்பியவர்கள் தெருவில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு எதிரில் மாலையோடு நின்றவர் செந்தில்குமார். அந்தப் பாரம்பரிய இடத்துக்குப் பொறுப்பான அதிகாரி. அரியலூரிலிருந்து துக்கத்துக்கு வந்தவர். பழனிவேல்மேல் அவருக்கு மரியாதை உண்டு. சபையில் ஆதரவு கேட்டு வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறார்.

"ஓடைக்கொல்லையில தோண்ட முடியாதுங்க" என்றார், குரலை உயர்த்தாமல். "வேலிக்குள்ள வருது. கலெக்டர் ஆபீஸ்ல இப்பத்தான் பேசினேன். மெட்ராஸ்லேர்ந்து உத்தரவு வேணும்னு சொல்லிட்டாங்க."

"எவ்வளவு நேரத்துல வரும்?" என்றான் கலைவாணன்.

செந்தில்குமார் கையில் இருந்த மாலையைப் பார்த்தார்.

"எங்க கொல்ல சார் அது. எங்கண்ணன் அங்க இருக்கான். நீங்க கேட்டுத்தான் எங்கப்பா சபையில எழுந்து பேசினாரு. அவருக்கே எடமில்லையா?"

கீதாஞ்சலி முன்னால் வந்தாள். "சார், நான் இருக்கற ஊர்ல பாறைக்கு நடுவுல ஐயாயிரம் வருஷத்துக் கல்லறை இருக்கு. அதையும் சேத்துத்தான் அரசாங்கம் காக்குது. பொணம் பொதைச்ச எடமும் பாரம்பரியந்தானே?"

"வாஸ்தவம்மா" என்றார் அவர். "ஆனா அவங்க பொதைச்சப்ப இந்தச் சட்டம் இல்ல. எனக்கு ஒரு வார்த்த எழுதிக் குடுக்க அதிகாரம் இருந்தா இப்பவே குடுத்துடுவேன். இல்ல."

கலைவாணன் கடப்பாரையை வாங்கிக்கொண்டான். "நான் தோண்டறேன். கேஸ் போட்டுக்குங்க."

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து கொளஞ்சி பேசினார். அவர் வந்திருப்பதையே அதுவரை பலர் கவனிக்கவில்லை.

"தோண்டு தம்பி. நான் தடுக்கல. ஆனா இன்னைக்கு உங்கப்பாவுக்குத் தோண்டினா நாளைக்கு நான் போர் போடுவேன். அதுக்கு அடுத்த நாளு இன்னொருத்தன் கல்லுக்குத் தோண்டுவான். அப்புறம் அந்த வேலி எதுக்கு? என் கொல்லைய மட்டும் உங்கப்பா எதுக்கு முடக்கினாரு?"

அதில் குத்தல் இருந்தது. பொய் இல்லை. கலைவாணன் கடப்பாரையைப் பிடித்தபடியே நின்றான்.

புஷ்பவல்லி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பறையடிப்பவர்கள் தாங்களாகவே நிறுத்தினார்கள்.

"தம்பி" என்று செந்தில்குமாரைக் கூப்பிட்டாள். "மயானத்துல வச்சி எரிச்சிட்டு, சாம்பலக் கொண்டுபோயி எம்புள்ள மேல போட்டா சட்டத்துல தப்பா? அதுக்கு மண்ண நோண்ட வேணாமில்ல."

"தப்பில்லம்மா" என்றார் அவர்.

பங்காளிகளில் மூத்தவரான ஆண்டவர் எழுந்துவிட்டார். "என்ன பேசற புஷ்பவல்லி? நம்ம வகையறாவுல யாரையும் கொளுத்தினது கிடையாது. மண்ணுலதான் வைப்போம். ஊரு இடுகாடு இருக்குல்ல, அங்க வைப்போம்."

"கிடையாதுதான் மாமா. இடுகாட்டுல வச்சா அவரு ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம் இருக்கணும். கொல்லையில வச்சா அவரு சொன்ன சொல்ல அவர வச்சே ஒடைக்கணும். ரெண்டும் எனக்கு வேணாம்."

"அம்மா, நான் கொள்ளி வைக்க மாட்டேன்" என்றான் கலைவாணன். "அப்பா ஒடம்ப என்னால எரிக்க முடியாது."

அவள் அவனை அதட்டவில்லை. "முடியாதுதான்" என்றாள். "கொஞ்ச நேரம் உக்காரு. அப்புறம் வா."

அவன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். கீதாஞ்சலி தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். அவன் வாங்கவில்லை.

"நீ போன்ல சொன்னத வச்சித்தான் அவரு அன்னைக்கு எழுந்தாரு. அங்க பணம் குடுக்கறாங்க, மாடு மேயுது, பூப் பூக்குது. இங்க வந்து நீ இருந்து பாத்திருக்கியா? கொளஞ்சி மாமா தெருவுல என்னைப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்குவாரு. அதெல்லாம் நான் பட்டேன்."

சொம்பை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அப்பா கேட்டதற்கு அவள் சொன்னது நிஜந்தான். ஆனால் அந்த நிஜம் வேறொரு ஊருடையது என்பதை அப்போது அவள் யோசிக்கவில்லை. நெடுநேரம் கழித்துத் தம்பி தண்ணீரைக் குடித்தான்.

அவர்கள் தெருவில் பிணம் எரிக்கிற பழக்கம் இல்லாததால் விறகு யாரிடமும் இல்லை. அரியலூருக்கு ஆள் அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது டிராக்டர் வந்து நின்றது. கொளஞ்சி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பட்டுப்போன முந்திரி மரங்களை வெட்டித் தன் களத்தில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் டிராக்டர் பெட்டியில் இருந்தது.

"முந்திரி நல்லா நின்னு எரியும்" என்று கலைவாணனிடம் சொன்னார். டிராக்டரை மயானத்துக்கே ஓட்டிப் போய் விறகை அவரே இறக்கினார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். கலைவாணன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். ஆண்டவர் வரவில்லை, பங்காளிகளில் பாதிப் பேரும் வரவில்லை. புகை எழுந்தது தெருவிலிருந்தே தெரிந்தது. புஷ்பவல்லி அதைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கூடத்தைக் கழுவிவிட ஆரம்பித்தாள்.

மறுநாள் சாம்பலில் ஒரு பங்கைக் கொள்ளிடத்தில் கரைக்கக் கலைவாணன் திருமழபாடிக்குக் கொண்டுபோனான். மீதியைப் புஷ்பவல்லி மண்கலயத்தில் எடுத்துக்கொண்டாள். செந்தில்குமார் வந்து வேலிக் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளியே நின்றார். கொல்லையின் மூலையில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அரிசி மாவு தூவுவதுபோல விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். காற்று அடித்தபோது கையால் அணைகட்டினாள். அப்படியும் கொஞ்சம் பறந்து ஓடையில் கிடந்த சுருள்கற்கள் மேல் படிந்தது. காலி கலயத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு எழுந்தாள். கீதாஞ்சலி கைகொடுத்தாள்.

கருமாதி முடிந்து கீதாஞ்சலி அயர்லாந்து திரும்பினாள். தம்பியிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. அவள் கூப்பிட்டால் எடுப்பான். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவான். வேலை இல்லாத நாள்களில் அந்தச் சுண்ணாம்புப் பாறைப் பக்கம் போவது அவளுக்கு வழக்கமாக இருந்தது. அந்த வருடம் அவள் போகவில்லை.

பனிக்காலம் முடிகிற சமயத்தில் செந்தில்குமார் போன் செய்தார். பழனிவேல் இறந்த அன்றே அவர் சென்னைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பிறகும் விடாமல் எழுதியிருக்கிறார். இப்போது உத்தரவு வந்துவிட்டது. வேலிக்குள் ஏற்கெனவே குடும்பத்தாரைப் புதைத்திருக்கிற கொல்லைக்காரர்கள், அதே இடத்தில், இயந்திரம் இல்லாமல் குழி வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். "வூட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். அதான் உங்களுக்குப் பண்ணினேன்."

கீதாஞ்சலிக்கும் தெரியவில்லை. அன்று முழுக்க வார்டில் நடந்துகொண்டே அதை நினைத்தாள். மறுநாள் ஊரில் சாயங்காலமாக இருக்கும் நேரம் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்தியது மட்டும் கேட்டது.

"அம்மா?"

"இருக்கேன்" என்றாள் புஷ்பவல்லி. பிறகு மெதுவாக, "கொளஞ்சி அண்ணன் வூட்டு அண்ணிக்கு முடியல. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில பாக்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. அவங்க மாமனாரு மாமியாரு ரெண்டு பேரையும் வேலிக்குள்ள அவங்க கொல்லையிலதான் பொதைச்சிருக்கு. தன்னை எங்க கொண்டுபோயி வைப்பாங்களோன்னு அந்த அண்ணி கேட்டுக்கிட்டே இருக்காம். நான் போயி சொல்லிட்டு வரேன்."

"உனக்குக் கோவமா இல்லையாம்மா?"

"இருக்கு" என்றாள். "ஏன் இல்லாம? போன வையி. இருட்டறதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்."