கவர் போட்ட போன்

வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டில் தூறல் விட்டபாடில்லை. டிரைவர்கள் சங்கத் தலைவர் பழனி சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"கோச்சுக்காத பாப்பா. உன் ஆப்பு எங்களுக்கு ஒத்துவரல. இன்னிக்கு எல்லாரும் போன்லேர்ந்து எடுத்துடறோம்."

சென்னை வேலையை உதறிவிட்டு, கள்ளக்குறிச்சியில் அண்ணன் ரியாசுதீனின் செல்போன் கடை மாடியில் உட்கார்ந்து ஷாஜியா தனியாளாகச் செய்த ஆப் அது. மலையில் ஜீப் வேண்டுகிறவர் எழுத வேண்டாம், படிக்க வேண்டாம், பேசி அனுப்பினால் போதும். டிரைவர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே 'வரேன்' பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் அழைப்பு அடுத்த டிரைவருக்குத் தாவிவிடும். கோடை முழுக்க ஜோராகத்தான் ஓடியது. மழை பிடித்ததிலிருந்து ஒரு மனுஷன் பொத்தானை அமுக்குவதில்லை. ஜனம் மரவள்ளி மூட்டையோடு ரோட்டோரம் நனைகிறது. இந்த மலையே கைகழுவிவிட்டால் அப்புறம் எந்த ஊர்க்காரன் அந்த ஆப்பைச் சீந்துவான்?

"குரலைக் கேக்கறீங்க இல்ல? அப்படியே பொத்தானையும் அமுக்குனா இன்னாங்க?" என்றாள், கோபத்தை அடக்க முடியாமல்.

"பொத்தான் இருந்தாதானேம்மா அமுக்க? குரல் வந்ததும் போனே கறுத்துப் போவுது. பேசி முடிச்சு வெளிச்சம் வர்றதுக்குள்ள சவாரி அடுத்தவனுக்குப் போயிடுது. அவன் போனும் கறுத்துக்கினுதான் கெடக்குது!" என்று சீறினார் டிரைவர் செழியன்.

இதே புகாரோடு கடைக்கு வந்த போன்களையெல்லாம் ரியாசுதீன் பார்த்துவிட்டான். ஒன்றிலும் கோளாறு இல்லை. ஆப்பின் பதிவிலும் பிழை என்று ஒரு வரி கிடையாது. 'டிரைவருங்க டூப் வுடறானுங்க' என்று அவன் தீர்ப்பே எழுதிவிட்டான். ஷாஜியாவும் பாதி நம்பித்தான் போயிருந்தாள்.

"குடுங்கண்ணே, பாத்துடலாம்." லேப்டாப்பை ஜீப் சீட்டில் விரித்தாள். செழியன் மழைக்காகப் போன்மேல் சுற்றியிருந்த பாலிதீன் கவரை உருவிவிட்டுக் கொடுத்தார். கேபிளைச் சொருகி, தன் போனிலிருந்து ஒரு குரலை அனுப்பினாள். திரை பளிச்சென்று இருந்தது. பொத்தானும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

ஸ்டாண்டே கொல்லென்று சிரித்தது. "டாக்டரப் பாத்ததும் காய்ச்சல் ஓடிப்போச்சுடா!" என்றார் ஒருவர்.

செழியனுக்கு முகம் சுண்டிவிட்டது. "என் புள்ளைங்க மேல சத்தியமா கறுத்துச்சும்மா" என்றபடி போனைப் பிடுங்கிக் கவருக்குள் திணித்தார். மிச்சக் கவரை மேல்பக்கமாக மடித்து, ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கினார். அந்த நேரம் பார்த்து நிஜமான அழைப்பே வந்தது.

"நான் தைலம்மா பேசறேன். மூட்டையோட ரோட்டுல நிக்கிறேன்..."

திரை கறுத்தது.

"பாத்தியா! பாத்தியா!" செழியன் குதித்தார். ஷாஜியா அவரைவிட உயரமாகக் குதித்தாள்.

"கவரை எடுங்கண்ணே!" வெளிச்சம் வந்தது. "போடுங்க!" கறுத்தது. "எடுங்க!" வந்தது.

"யா அல்லா!" தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். போனைக் காதில் வைத்துக் கேட்டால் கன்னம் பட்டு எதுவும் அமுங்கக் கூடாதே என்று, திரை தானாக அணைவதற்கு நாலு வரி கோட் எழுதியவளே அவள்தான். காது கிட்டே வருவதைப் பார்க்கத் திரைக்கு மேலே பொட்டு போல ஒரு கண் இருக்கும். மடித்த கவர் அந்தக் கண்ணைத்தான் பொத்திக்கொண்டிருந்தது. கவரைக் காது என்று நம்பி ஏமாந்திருக்கிறது போன். கோடையில் கவர் ஏது? கடையிலோ, ரியாசுதீன் முதல் காரியமாகக் கவரைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போனைத் தொடுவான்.

அந்த நாலு வரியையும் அழித்தாள். புதிய ஆப்பைச் செழியனின் போனில் ஏற்றிக் கொடுத்து, "கவரைப் போட்டு நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றாள். எல்லாரும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள். தைலம்மாவே மறுபடி கூப்பிட்டாள், இம்முறை வசவோடு.

"யோவ், எவனாவது வருவீங்களா, நான் மூட்டையைத் தலையில தூக்கிக்கினு நடக்கட்டுமா?"

பாலிதீனுக்குள்ளே திரை பளபளவென்று எரிந்தது. செழியன் கட்டைவிரலால் ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினார். 'தைலம்மா சவாரி உங்களுக்கு' என்று எழுத்து வந்தது. ஸ்டாண்டில் எழுந்த விசிலில் டீக்கடைக்காரரே வெளியே ஓடி வந்துவிட்டார். செழியன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே கிளம்பினார். ஷாஜியாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பழனி தொண்டையைச் செருமிக்கொண்டு தன் போனை நீட்டினார். "எனக்கும் ஏத்திக் குடும்மா." அவர் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

ரியாசுதீன் போன் செய்தான். "இன்னாம்மா, ஆப்பைத் தூக்கிட்டானுங்களா?"

"தூக்கறதா? கியூவுல நிக்கிறாங்க. அவங்க யாரும் டூப் வுடலண்ணே. நாமதான் கவரைக் கழட்டிட்டுப் பாத்துக்கினு இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த போனை வாங்கினாள்.