கிரேன் ஜெயிக்கிற கதை

1

இது என் கதை இல்லை, எனக்குத் தானாகத் தோன்றியதும் இல்லை. டெய்லர் கேட்டார், எழுதுகிறேன்.

"யோவ் வெல்டர், நம்ம கூட்டத்துல எழுத்துக் கூட்டியாவது எழுதறவன் நீ ஒருத்தன்தான். எங்க அண்ணன் கதையை எழுது. அதுலயாவது அவன் ஜெயிக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான் இதன் பிறப்பு. மனசு பொங்கி எழுதினேன், கை தானாக ஓடியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதுகிறவர்களை நானே நம்புவதில்லை. நான் இரும்புக் கேட்டும் கிரில்லும் அடித்துப் பிழைத்தவன். பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்காரவில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அரங்கம் அதிர்ந்தது. கிரேன் மேடை ஏறினான். அவன் கண்களில் —"

அடித்துவிட்டேன். கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கிரேனின் முதுகுதான் தெரிந்தது. அரங்கமும் அதிரவில்லை. கூரை தகரம், மழை வந்தால்தான் அதிரும்.

அடுத்து இப்படி: "மனித வாழ்வே ஒரு மல்யுத்தம்தான். அதில் நாம் அனைவரும் —"

இதை எழுதியதும் என்னை நானே அறையலாம் போலிருந்தது.

ஆகவே சலூனில் ஆரம்பிக்கிறேன்.

2

சலூனில் மூன்று நாற்காலி. ஒன்று முடிவெட்ட, மற்ற இரண்டும் எங்களுக்கு. ஒன்றில் நான், ஒன்றில் டெய்லர். சலூன்காரர் நின்றுகொண்டே பேசுவார். பேச்சு ஒன்றே ஒன்றுதான்: அந்தக் காலத்து மல்யுத்தக்காரர்களில் யார் பெரிய ஆள்?

சலூன்காரருக்கு எப்போதும் 'போலீஸ்' என்று பேர் வைத்துக்கொண்ட ஆள்தான். தொப்பியோடு வருவார்.

"உன் போலீஸ் மேடையில பாதி நேரம் தொப்பியைத்தானே கழட்டிட்டு இருப்பான்" என்பேன்.

"அதைக் கழட்டறதைப் பார்க்கத்தானே சனம் வந்துச்சு! உன் ஆளு வந்தா எழுந்து டீ குடிக்கப் போவாங்க."

"டீ குடிக்கப் போனவன் திரும்பறதுக்குள்ள என் ஆளு ஜெயிச்சிருப்பான்."

"எதிராளி டீ குடிக்கப் போயிருப்பான்."

இப்படிப் போகும். என் ஆளின் பேர் 'மின்சாரம்'. உருவம் சின்னது, ஆனால் கயிற்றில் மோதித் திரும்பி வருகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. டெய்லர் இருக்கும்போது மட்டும் மின்சாரம் பேரை எடுக்க மாட்டேன். காரணம், டெய்லரின் கூடப்பிறந்த அண்ணன்தான் கிரேன்.

(கிரேன் யாரென்று கேட்பீர்கள். பெரிய உடம்பு. எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி நடப்பார். அதனால் அந்தப் பேர். கீழே போடும்போது யாருக்கும் ஒரு கீறல் விழாது. நான் மின்சாரத்தின் ரசிகன்தான். ஆனாலும் சொல்கிறேன், போடுவதில் கிரேனை மிஞ்ச ஆளில்லை.)

கடைசிப் போட்டியில் மின்சாரம் கிரேனை இரண்டு தடவை தலைகீழாக இறக்கினார். கிரேன் தோற்றார். கழுத்து போயிற்று, ஒரு கையும் போயிற்று. அதன்பிறகு சாகிற வரைக்கும் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது டெய்லர். மின்சாரம் வேண்டுமென்றே செய்தான் என்பது டெய்லரின் கட்சி. கிரேன் அதைப் பற்றிக் கட்டின மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை.

எங்கள் சலூனில் ஒரு சட்டம் உண்டு. மல்யுத்தத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் முன்கூட்டியே பேசி வைத்தது என்ற பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் தொண்டை கிழியக் கத்தினோம். சொன்னால் டெய்லருக்கு என்ன மிஞ்சும்? அண்ணன் சண்டையில் அடிபட்டான் என்பது வேறு. நடிப்பில் அடிபட்டான் என்பது வேறு.

3

போன வாரம் ஒரு செய்தி வந்தது. பழைய ரசிகர்கள் சேர்ந்து மின்சாரத்துக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். மேடையில் மின்சாரத்துக்குக் கை கொடுக்க டெய்லரைக் கூப்பிட்டிருந்தார்கள். கிரேனின் தம்பி கை கொடுத்தால் போட்டோ நன்றாக வருமாம்.

"அந்தக் கையையா தொடணும்? தொட்டுட்டு வந்து கத்திரிக்கோலைப் பிடிக்க முடியுமா என்னால?" என்றார் டெய்லர்.

சலூன்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். நாற்காலியில் புது ஆள், என்னைவிட வயசானவர், மகள் வீட்டில் தங்க வந்திருக்கிறாராம். முகத்தில் பாதி நுரை. அந்த நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது:

"அந்தப் போட்டியில ஒண்ணு ரெண்டு மூணு எண்ணினது நான்தான்."

சவரக்கத்தி நின்றுவிட்டது. கழுத்துக்குப் பக்கத்தில்.

"கத்தியை எடுங்க தம்பி" என்றார் அவர்.

(இந்த இடத்தை நான் ஜோடித்ததாக நினைக்கலாம். அவர் பேசும்போது கத்தி கன்னத்தில் இருந்ததா, கழுத்தில் இருந்ததா என்று இப்போது எனக்கே சந்தேகம். கழுத்து என்று எழுதினால் நன்றாக இருக்கிறது. எழுதுகிறவர்களை நம்பாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.)

"கேட்டா சொல்லுவேன். கேக்காட்டி சொல்ல மாட்டேன். எங்க தொழில் அப்படி" என்றார் நடுவர்.

சலூன்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த முடியைப் பார்த்தேன். எங்கள் சட்டத்தை உடைத்தது டெய்லர்தான்.

"சொல்லுங்க" என்றார்.

4

நடுவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யார் ஜெயிக்கணும்னு துணி மாத்தற ரூம்லயே முடிவாயிடும். அன்னைக்கு மின்சாரம் ஜெயிக்கணும். கிரேனுக்கும் தெரியும். முதல் தடவை இறக்கும்போதே மின்சாரத்தோட கால் கொஞ்சம் தவறி, கிரேன் கழுத்து பிசகிடுச்சு. நான் குனிஞ்சு அடிபட்டிருக்கான்னு பார்க்கற மாதிரி கிரேன் கையைப் பிடிச்சேன். நிறுத்தணும்னா கை சும்மா கிடக்கும். நடத்தலாம்னா ஒரு அழுத்து. அதுதான் எங்க வழக்கம். கிரேன் அழுத்தினார்."

"மின்சாரத்துக்கு?" என்றார் டெய்லர்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதுக்கப்புறம்தான் ரெண்டாவது தடவை தூக்கினார்."

டெய்லர் எழுந்து போய்விட்டார். மறுநாள் என் வீட்டுக்கு வந்துதான் கதை எழுதச் சொன்னார்.

5

எனக்கு நடுவர்மேல் நம்பிக்கை இல்லை.

யோசித்துப் பாருங்கள். கிரேன் கை சும்மா கிடந்திருந்தால்? கூட்டம் நிறைந்த இடத்தில் போட்டியை நிறுத்தினால் நடத்துகிறவன் நடுவரைத்தான் கடித்துக் குதறுவான். அதற்குப் பயந்து, கை அழுத்தாமலேயே தலையாட்டியிருந்தால்? அப்போது கழுத்தை உடைத்தது மின்சாரம் இல்லை, இந்த ஆள். அழுத்தினார் என்று சொல்ல வேண்டிய தேவை இவருக்குத்தான் இருக்கிறது. அழுத்தவில்லை என்று சொல்லக் கிரேன் எழுந்து வரப்போவதில்லை.

ஆளையே கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் மீதி நிற்கவில்லை. வைத்துத் தொலைத்தேன்.

என் மனைவி இதுவரைக்கும் படித்தாள்.

"கடைசியில யாரு சொன்னது நிஜம்?"

"தெரியாது."

"தெரியாம எதுக்கு எழுதறீங்க?"

"டெய்லர் கேட்டான்."

"அவரு கேட்டது அண்ணன் ஜெயிக்கணும்னு. இதுல எங்க ஜெயிக்கறாரு? பேப்பரை வீணாக்காதீங்க, கடைக்குப் போய்ட்டு வாங்க."

கடைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். நடக்கும்போது ஒன்று உறுத்தியது. துணி மாற்றுகிற அறையில் உட்கார்ந்து இவன் ஜெயிக்கணும், இவன் தோற்கணும் என்று தீர்மானித்தவன் யாரென்று நாங்கள் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் சலூன்காரர் சும்மா விட்டிருக்க மாட்டார். இப்போது பேனாவோடு அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான்.

6

முடிவு (அ): கிரேன் ஜெயிக்கிறார்.

எழுதினேன். மின்சாரம் தூக்க வருகிறார், கிரேன் அவரைத் தூக்குகிறார், தலைக்கு மேல் வைத்துக்கொண்டு மேடையைச் சுற்றி நடக்கிறார், மெல்ல இறக்கிப் படுக்கவைத்து, மேலே கிடக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. டெய்லரின் கடைக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சரி, ஜெயிச்சுட்டான். அப்புறம்?"

"அப்புறம் என்ன, கை தட்டறாங்க."

"வீட்டுக்கு வர்றானா?"

"அதை எழுதலையே."

"மறுநாள் காலையில எழுந்து அவனே சட்டை போட்டுக்கறானா?"

அதை எழுத உட்கார்ந்தேன். "மறுநாள் காலையில் கிரேன் எழுந்து, சட்டையை எடுத்து —" அதற்குமேல் கை போகவில்லை. ஜெயிப்பதை எழுதுவது சுலபமாக இருந்தது. பொத்தான் போடுவதை எழுத முடியவில்லை. நான் பார்த்த கிரேனுக்கு அந்தக் கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

முடிவு (ஆ): கை சும்மா கிடக்கிறது.

நடுவர் போட்டியை நிறுத்துகிறார். யாரும் ஜெயிக்கவில்லை. சனம் கூச்சல் போட்டுச் செருப்பை வீசுகிறது. கிரேனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள். கழுத்து சரியாகிவிடுகிறது, கையும். வயசான கிரேன் சலூனில் எங்களோடு உட்கார்ந்து வாயடிக்கிறார்.

இதுதான் நல்ல முடிவு என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் கொண்டுபோனேன். டெய்லர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது வேணாம்."

"ஏன்யா, உங்க அண்ணன் உயிரோட இருக்கான்யா இதுல!"

"இருக்கட்டும். வந்திருக்கற சனத்துக்கு முன்னாடி பாதியில படுத்துக்கற ஆளா அவன்? காய்ச்சல்ல படுத்தாக்கூட ஒண்ணுமில்லடான்னு சொல்றவன். அவன் எப்படிய்யா கையைச் சும்மா வெச்சிருப்பான்? அழுத்தியிருப்பான்யா."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே காதில் விழுந்தது. மெஷினில் இருந்த துணியை எடுத்தார், மடித்தார், மறுபடி பிரித்தார்.

"அழுத்தித்தான் இருப்பான்" என்றார். "முட்டாப்பய."

நடுவரை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் அதை அந்த இடத்தில் சொல்லி என்ன ஆகப்போகிறது? நடுவர் சொன்னதால் டெய்லர் நம்பவில்லை. அண்ணனைத் தெரிந்ததால் நம்பினார்.

7

முடிவு (இ) என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். "ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டெய்லர் மேடை ஏறினார். மின்சாரம் கையை நீட்டினார். டெய்லர் —"

இதற்குமேல் எழுத மாட்டேன்.

தெரியாததால் மட்டும் இல்லை. தெரிந்தாலும் எழுத மாட்டேன். கிரேன் தோற்க வேண்டும் என்று ஒருத்தன் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்தான். தம்பி என்ன செய்ய வேண்டும் என்று இன்னொருத்தன் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். அந்த வீட்டுக்கு ஒரு தடவை நடந்தது போதும்.

இன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் முன்னால் வாசலில் சத்தம் கேட்டது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"டெய்லர் வந்திருக்காரு. விழாவுக்குத் துணைக்கு வர்றீங்களான்னு கேக்கறாரு."

"போறானாமா?"

"வந்துதானே நிக்கறாரு. கை குடுப்பாரா?"

"நீயே கேளு."

"நான் எதுக்குக் கேக்கணும்? உங்க கதை."

என் கதை இல்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். டெய்லர் தானே தைத்த புதுச் சட்டை போட்டிருக்கிறார். தலையை அழுத்தி வாரியிருக்கிறார். வலது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார். அதை வெளியே எடுப்பாரா மாட்டாரா என்று வழியில் நான் கேட்கப்போவதில்லை. போய்விட்டு வந்து எழுதப்போவதும் இல்லை.

நீங்கள் வேண்டுமானால் ஒரு முடிவு வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

செருப்பைத் தேடுகிறேன். கூப்பிடுகிறார்.