மினுக்கியின் முகம்

வாலுவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமாவின் மேஜையை எட்டிப் பார்த்தாள். காது, கன்னம், கழுத்து எல்லாம் ஒரே மூச்சில் சிவந்துவிட்டன.

மாமா என்றால் அம்மாவின் தம்பி; வாலு வளர்வது அவர் வீட்டில்தான். சிறுவர் வார இதழ் ஒன்றில் வருஷக்கணக்காகச் சிரிப்புப் படக்கதை போடுகிறவர். அவருடைய கதாநாயகன் தொப்பி என்ற பையன். பூனைக்கும் கெடுதல் நினைக்காத சாது. சாது மட்டும் இருந்தால் கதை எங்கே நகரும்? அதனால் அவனுக்கு ஓர் எதிராளி. பெயர் மினுக்கி. பதினைந்து வயசு. கையில் எப்போதும் கண்ணாடி, கறுப்பு முடியில் பளபளப்புக்காக ஒரு வெள்ளைக் கீற்று, மனசு முழுக்க அடுத்தவனை எப்படிக் கவிழ்க்கலாம் என்ற யோசனை.

மினுக்கி யார் என்று அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை. வாலு காலையில் மேல்மாடிக்காரரின் அழைப்பு மணியில் பசை தடவினால், அடுத்த வாரம் தொப்பியின் விரல் மணியோடு ஒட்டிக்கொள்ளும். வாலு தலைசீவ முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டால், மினுக்கி தலைசீவுகிற நேரத்தில் தொப்பிக்குத் தாடி முளைத்துவிடும். பள்ளிக்கூடத்திலும் அவளை மினுக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமா என்ன? தலைகால் புரியாத பெருமை. "அது நான்தான். என்னை வெச்சுத்தான் அந்தப் பத்திரிகையே ஓடுது" என்று தானே தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் இப்போது மேஜையில் பென்சில் கோடுகளாகக் கிடந்த பக்கத்தில் பசையும் இல்லை, மணியும் இல்லை. ஒரு மாடிப்படி இருந்தது.

அந்தப் படி அவளுக்குத் தெரியும். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில், பல்பு மினுங்குகிற திருப்பம். பள்ளி நாடகத்தில் தனக்குத்தான் ராணி வேஷம் என்று ஊரையே நம்ப வைத்துவிட்டு, கடைசியில் திரை இழுக்கிற வேலை கிடைத்த அன்று, வீட்டுக்குள் போக முகமில்லாமல் அவள் உட்கார்ந்த இடம் அது. மாமா கடைக்குப் போய்விட்டுப் படியேறி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். கைக்குட்டையை நீட்டினார். உலகத்திலேயே நல்ல மனிதர் இவர்தான் என்று அவளுக்குத் தோன்றிய அந்த நேரத்தில், யாரிடமும் கேட்காததை அவரிடம் கேட்டுவிட்டாள்.

"மாமா, நான் அழகா இல்லையா?"

அந்தக் கேள்வி, ஓர் எழுத்துக்கூட மாறாமல், ஐந்தாவது கட்டத்துப் பேச்சு வட்டத்துக்குள் இருந்தது. மாமா இருந்த இடத்தில் தொப்பி உட்கார்ந்திருந்தான். ஆறாவது கட்டத்தில் அவன் எட்டி விளக்கை அணைக்கிறான். இருட்டில் இரண்டு ஜோடிக் கண்கள் மட்டும். "இப்போ பரவாயில்லை!" என்கிறான்.

சிரிப்பாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா!"

மாமா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பார்த்துட்டியா? எப்படி இருக்கு? இந்த வருஷத்துலயே இதுதான் உருப்படியான பக்கம்."

"இதைப் போடாதீங்க."

"ஏன்?"

"ஏனா? இது நான் அழுதது!"

"நீ அழலையே, மினுக்கி அழறா."

"வார்த்தையெல்லாம் என்னோடது."

"வார்த்தைக்கு யாரு பட்டா வாங்கி வெச்சிருக்கா?" மாமா சிரித்தார். "போன மாசம் அந்தப் பசைக் கதை வந்தப்ப, பக்கத்தைக் கிழிச்சு வகுப்புச் சுவத்துலயே ஒட்டினவ நீ. இப்ப மட்டும் என்ன பத்தினி வேஷம்?"

"பசை நான் பண்ணது! அதை ஊருக்கே காட்டினாலும் எனக்குப் பெருமைதான். இது நான் பண்ணதில்லை. எனக்கு நடந்தது."

"ரெண்டும் கதைதான், வாலு. சாயங்காலம் பத்திரிகை ஆள் வந்துடுவான். வேற பக்கம் என்கிட்ட இல்லை. நீயும் நாலு பிள்ளைங்க சிரிச்சா பொசுங்கிப் போயிட மாட்டே." அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். போகிற போக்கில் விசில் வேறு.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நாலு பிள்ளைகளாம். அவள் வகுப்பில் யார் அந்த இதழ் வாங்காதவர்கள்? ராணி வேஷம் கிடைத்தவளே அதை முதல் ஆளாக வாங்குகிறவள். இதழ் வந்ததும் திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் நுழையும்போது ஒருத்தி எழுந்து விளக்கை அணைப்பாள். அது அவளுக்கு இப்போதே நன்றாகத் தெரிந்தது. ஏனென்றால் வாலுவே அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வாள்.

அந்த வீட்டில் ஒரு பக்கம் உருவாகிற முறை இப்படி: மாமா பென்சிலில் வரைவார். அதன்மேல் அவர் மனைவி, வாலுவின் அத்தை, தூரிகையால் மை ஏற்றுவாள். பென்சில் எழுத்துகளின்மேல் மட்டும் கடைசியில் மாமாவே மை ஏற்றுவார். பேச்சு வட்டத்துக்குள் அத்தை கை வைப்பதில்லை, படிப்பதுமில்லை. எந்த இடத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்ப வேண்டுமோ அங்கே மாமா சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். தொப்பியின் தொப்பியில் ஒரு குறி, மினுக்கியின் தலைமுடியில் ஒரு குறி. குறி கண்ட இடத்தில் அத்தை ஏன் எதற்கு என்று கேட்காமல் கறுப்பை நிரப்புவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் சண்டை வராத ஒரே விஷயம் அதுதான்.

விளக்கு அணைந்த ஆறாவது கட்டத்தில் எல்லா இடத்திலும் குறிகள் கிடந்தன. வாலு பென்சிலை எடுத்தாள். முதல் கட்டத்திலிருந்து ஐந்தாவது கட்டம் வரை, மினுக்கியின் முகம் இருந்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு குறி போட்டாள். மாமாவின் குறிக்கு இடது கோடு கொஞ்சம் நீளம். அதையும் மறக்கவில்லை. குறும்பில் அவள் தேர்ந்த கை.

அத்தை வந்தாள், ரேடியோவைத் திருகினாள், மைக் குப்பியைத் திறந்தாள். குறிகளைப் பார்த்தாள். "என்ன, படியெல்லாம் ஒரே இருட்டா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். தூரிகை போன வழியெல்லாம் அழுத முகங்கள் ஒவ்வொன்றாக அமாவாசையாயின. எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து வாலு பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம் இருந்த இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

மாமா தலை துவட்டிக்கொண்டே வந்தார். விசில் பாதியில் நின்றது.

"என்ன இது?"

"எது?" என்றாள் அத்தை.

"முகம் எங்கே? முகத்தையெல்லாம் எதுக்குத் தார் பூசி வெச்சிருக்கே?"

"நீங்கதானே குறி போட்டிருந்தீங்க?"

"நான் எதுக்குடி முகத்துல குறி போடறேன்? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

அத்தையின் முகம் சுண்டிவிட்டது. வாலு எழுந்தாள். "அத்தையைத் திட்டாதீங்க. குறி போட்டது நான்."

துண்டு கீழே விழுந்தது. மாமா கத்தியதை முழுக்க எழுத முடியாது. கீழ்வீட்டில் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. உப்புப் போட்டு வளர்த்தது, கைவைத்த தட்டிலேயே மண் போட்டது, வேலைக்கும் விளையாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம் என்று ஒன்று விடாமல் வந்தது. கடைசியில், "வெள்ளை மையை எடு. எல்லா முகத்தையும் மூடு. மேலே நான் திரும்ப வரையறேன்" என்று அத்தையிடம் சொன்னார்.

அத்தை வெள்ளைக் குப்பியை எடுத்தாள். திறக்கவில்லை. வாலுவைப் பார்த்தாள். "ஏண்டி, குறும்பு பண்ண வேற ஆளே கிடைக்கலையா? என் கையை வெச்சா விளையாடுவே?"

"விளையாடலை அத்தை. அந்த வட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவள் அந்த வீட்டில் படித்த முதல் பேச்சு வட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

"அன்னிக்குப் படியில நான் மாமாகிட்ட கேட்டது" என்றாள் வாலு. "மாமாகிட்ட மட்டும்."

அத்தை நிமிர்ந்தாள். பிறகு புருஷனைப் பார்த்துக் கேட்டாள். "அன்னிக்கு இவளுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

மாமா கீழே கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"ஒண்ணும் சொல்லலை" என்றாள் வாலு. "சிரிச்சார். தலையைத் தடவினார். அப்புறம் பை கனக்குதுன்னு எழுந்து போயிட்டார். இதோ, பதில் இங்கே வந்திருக்கு. ஊரோட சேர்ந்து நானும் படிச்சுக்கணும்."

அத்தை வெள்ளைக் குப்பியை மாமாவின் முன்னால் வைத்தாள். "வேணும்னா நீங்களே அடிச்சுக்கோங்க. என் கை இதுல படாது."

மாமா அடித்துப் பார்த்தார். கோபத்தில் இருக்கிற கைக்கு வெள்ளை அடங்குமா? ஈரம் காயாத மையோடு கலந்து, முதல் கட்டத்து முகம் சாம்பல் பூசின மாதிரி திட்டுத் திட்டாக ஆனது. தூரிகையை வீசி எறிந்தார். "சரி, சொல்லுங்க. ரெண்டு பேரும் சொல்லுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆள் வந்து நிப்பான். வெறும் காகிதத்தையா குடுத்தனுப்பறது?"

"போன வாரம் உங்க மூக்குக் கண்ணாடியில சோப்பு தடவி வெச்சேனே" என்றாள் வாலு. "ஊரெல்லாம் பனின்னு சொல்லிட்டு, மத்தியான வெயில்ல ஸ்வெட்டர் போட்டுட்டுப் போனீங்களே. அதை வரைங்க. அது நான் குடுக்கறது."

"அது நீதானா!" மாமா பல்லைக் கடித்தார். ஆனால் கை புதுக் காகிதத்தை இழுத்துக்கொண்டது.

அந்த வீட்டில் அத்தனை கோபத்தோடு ஒரு சிரிப்புக்கதை அதற்கு முன்னால் வரையப்பட்டதில்லை. மாமா ஒரு கட்டத்தை வரைந்து முடித்ததும் அத்தை மை ஏற்றினாள்; அது காய்வதற்குள் அடுத்ததற்குப் போனாள். "திரும்பு" என்பார் மாமா, வாலு திரும்புவாள். "சிரி" என்றார் ஒருமுறை. "மாட்டேன்" என்றாள். அதனால் அந்தப் பக்கத்தில் மினுக்கி உம்மென்றுதான் சோப்புத் தடவுகிறாள். பார்க்கப் பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது.

ஆறாவது கட்டம் வந்தது.

"சோப்புல வழுக்கி விழறா" என்று மாமா முனகிக்கொண்டே பென்சிலை வைத்தார்.

"யாரு?"

"மினுக்கிதான். எதிராளின்னா கடைசிக் கட்டத்துல விழுந்தே ஆகணும். அதுல உன் நாட்டாமை வேண்டாம்."

"சோப்பு வெச்சதே நான். அதுல நானே வழுக்குவேனா? அவ்வளவு மட்டமாவா வேலை செய்வேன்?"

"பின்ன எப்படித்தான் விழறது?"

"விழறேன். ஆனா தள்ளி விட்ட கையையும் சேர்த்து வரைங்க."

ரேடியோவில் யாரோ சோப்பையே விற்றுக்கொண்டிருந்தார்கள். அத்தை அதை அணைத்தாள். மாமா தலையைத் தூக்காமல், கட்டத்தின் ஓரத்திலிருந்து உள்ளே நீளுகிற ஒரு கையை வரைந்தார். தொப்பியின் குட்டைக் கை இல்லை. முழங்கை வரை மடித்த சட்டை. மணிக்கட்டின் உள்பக்கம் முகம் இருக்கும்படி கட்டிய கடிகாரம். அப்படிக் கடிகாரம் கட்டுகிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான். அத்தை ஒரு கோடுகூட விடாமல் மை ஏற்றினாள்.

ஆள் வந்தான், ஈரப் பக்கத்தை அட்டைக்குள் வைத்து வாங்கிக்கொண்டு போனான்.

மேஜையில் பழைய பக்கம் கிடந்தது. வாலு அதை எடுத்தாள்.

"கிழிச்சுடாதே" என்றார் மாமா. அன்று முதல் தடவையாக அவர் குரலில் அதட்டல் இல்லை. "அச்சுக்குப் போகாது. சத்தியமா. சும்மா வெச்சுக்கறேன். நான் வரைஞ்சதுலயே நல்ல பக்கம் அது."

"தெரியும்."

பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. படியின் சாய்வு, மினுங்குகிற பல்பு, இரண்டு படி தள்ளி உட்கார்ந்திருக்கிறவனின் குனிந்த தோள். அன்று மாமா அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நன்றாகப் பார்த்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னமோ" என்றாள். "நீங்க கேட்கலை."

தடிக் காகிதம், ஒரே இழுப்பில் கிழியவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்து, இரண்டாகவும் நான்காகவும் கிழித்துப் போட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போனாள்.