மஞ்சள் தொப்பிக்காரியின் ஒரு கால்

கரையோரம் ஒரு படகு நிற்கிறது. படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை. அந்தப் பலகையில் ஒரு கால், கரையில் ஒரு கால் என்று மஞ்சள் தொப்பி போட்ட பெண் ஒருத்தி நிற்கிறாள். பேச மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இவளால் இரண்டு அலுவலகங்கள் ஒரு வாரம் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன், செல்லங்களே.

படகு நிஜப் படகு இல்லை. கணினித் திரையில் மிதக்கிற படகு. ‘ஏழு விளக்குத் துறை’ என்று குழந்தைகளுக்கான விளையாட்டு. எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே துறைமுகத்துக்குள் வந்து இறங்குவார்கள். படகுக்கு எட்டுப் பேர். உடம்பு, முகம், தொப்பி எல்லாம் அவர்கள் விருப்பம். துறைமுகத்தின் ஏழு கலங்கரை விளக்குகளும் அணைந்து கிடக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு ஒரு புது அத்தியாயம் திறக்கும். அதில் ஒரு விளக்கை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் அதை எப்படிச் செய்திருந்தார்கள் என்கிறீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பிள்ளை கை தவறி உடைத்த ஜாடி, நான்காம் அத்தியாயத்தில் எங்கோ ஒரு வீட்டு அலமாரியில் ஒட்டவைத்த விரிசலோடு நிற்கும். யாரும் அதைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள். பார்த்தவர்களுக்குப் பார்த்த சந்தோஷம்.

பார்த்தவர்களில் முதல் ஆள் நட்சத்திர அக்கா. கணினியில் வருகிற ஒரு சிறுவர் பத்திரிகையில் விளையாட்டுகளுக்கு மதிப்புரை எழுதுகிறவள். மதிப்புரையின் கீழே நட்சத்திரம் போடுவதால் வாசகப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் மூன்று முறை ஆடிவிட்டுத்தான் எழுதுவாள். முதல் முறை ஒழுங்காக. இரண்டாம் முறை வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்பும் தவறுமாக. மூன்றாம் முறை தங்கை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையில் கொடுத்து. இன்னொரு வழக்கமும் உண்டு. எழுதியதில் பிழை வந்தால் அதைப் பக்கத்தின் உச்சியில், மற்ற எழுத்துகளின் அதே அளவில் ஒப்புக்கொள்வாள். மூலையில் பொடி எழுத்தில் போட்டு ஒளிக்க மாட்டாள்.

தங்கை மகளுக்குப் பத்து வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். வாய்தான் சிட்டு. வலது கை விரல்கள் பிறந்ததிலிருந்தே சரியாக மடங்காது. இடது கையால் ஒவ்வொரு விசையாகத் தேடி அழுத்துவாள். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் படகுக்காரன் மணி அடிப்பான். அடித்துத் தொண்ணூறு விநாடியில் படகு கிளம்பிவிடும். அதற்குள் கடைவீதியில் ஓடி, குவித்த வலைகள் மேல் ஏறி இறங்கி, மூன்று படி தாண்டிப் பலகைக்கு வர வேண்டும். தவறினால் முதலிலிருந்து ஆட வேண்டும். நான்கு அத்தியாயங்கள், எத்தனையோ முயற்சிகள். ஒரு தடவைகூடச் சிட்டு படகில் ஏறவில்லை. விளக்கு எரிந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள்.

“பெரியம்மா, என் மூஞ்சியப் பார்த்தாலே அந்தப் படகுக்காரனுக்கு அவசர வேலை ஞாபகம் வந்துடுது” என்பாள்.

அதனால்தான் நட்சத்திர அக்கா நான்கு அத்தியாயங்களையும் வாய் ஓயாமல் புகழ்ந்துவிட்டு, நான்கு நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டாள். ஐந்தாவது ஏன் இல்லை என்று வாசகர்கள் கேட்டபோது, ‘படகில் இன்னும் இடம் இருந்தது’ என்று ஒரே வரியில் பதில் போட்டாள்.

ஐந்தாம் அத்தியாயத்தின் முன்னோட்டப் பிரதி ஒரு திங்கட்கிழமை வந்தது. திறப்பதற்கு ஐந்து நாள் முன்னதாக மதிப்புரைக்காரர்களுக்கு மட்டும் அனுப்புவது. முதல் முறையும், தப்பும் தவறுமாக ஆடிய இரண்டாம் முறையும்கூட நட்சத்திர அக்கா படகுக்கு நேரத்துக்குப் போய்விட்டாள். மஞ்சள் தொப்பிக்காரியைக் கவனித்தாள், யாரோ வழியனுப்ப வந்தவள் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் முறை சிட்டு ஆடினாள். மணி அடித்தது. வலைக் குவியலில் ஏறும்போதே தொண்ணூறு விநாடி முடிந்தது. சிட்டு பழக்கதோஷத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

படகு நின்றுகொண்டிருந்தது.

பலகையில் அந்த ஒரு கால். படகுக்காரன் துடுப்பைப் பிடித்தபடி இருமுகிறான், பலகையைத் தூக்க முடியவில்லை. சிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று படியையும் தாண்டி, அவளைக் கடந்து படகில் ஏறி, ஏறியவர்கள் அடிப்பதற்காக உள்ளே தொங்கிய மணியை அடித்தாள். மஞ்சள் தொப்பிக்காரி காலை எடுத்துக் கரையில் வைத்தாள். படகை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஐந்தாவது விளக்கு சிட்டுவின் முகத்தில் எரிந்தது.

நட்சத்திர அக்கா அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். ‘இந்தத் தொடரிலேயே மிக நன்றாக எழுதப்பட்ட பாத்திரம் இவள்தான். ஒரு சொல் பேசாமல், ஒரு காலால் கதையைத் தாங்குகிறாள்’ என்று ஒரு முழுப் பத்தி. ஐந்து நட்சத்திரம். புதன்கிழமை வெளியானது. வியாழன் காலைக்குள் மஞ்சள் தொப்பிக்காரி யார், அவள் ஏன் ஏறவில்லை என்று நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் எழுதிக் கேட்டுவிட்டார்கள். கை மெதுவாக ஓடுகிற பிள்ளைகள் அதில் நிறைய. சிட்டு மட்டும்தான் கரையில் நின்றாள் என்று நினைத்தது எவ்வளவு தப்பு.

அன்று மதியம் விளையாட்டு நிறுவனத்தின் கதைப் பொறுப்பாளர் தொலைபேசியில் வந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன், குரலில் வியர்வை தெரிந்தது. சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னார்.

“மேடம், அது பாத்திரமே இல்ல. எங்க சோதனைக்காரர் வச்ச பொம்மை.”

நடந்தது இதுதான். அவர்களிடம் ‘பூதக்கண்ணாடி’ என்ற பட்டப்பெயரோடு ஒரு சோதனைக்காரர் இருந்தார். அத்தியாயத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவது அவர் வேலை. படகுக்குள் இருக்கிற கயிறு, பெட்டி, விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க, படகு கிளம்பாமல் இருக்க வேண்டும். அதற்காகக் கைக்கு வந்த ஒரு பொம்மைக்கு மஞ்சள் தொப்பி மாட்டி, பலகையில் ஒரு காலை ஊன்ற வைத்திருந்தார். வேலை முடிந்து படகுக்குள் இருக்கிற மணியை அடித்தால் அது காலை எடுத்துக்கொள்ளும். எடுக்க மறந்து, பிரதி அப்படியே போய்விட்டது. சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் திறப்பதில் அவள் இருக்க மாட்டாள்.

அந்த ஒரு பத்தியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது என்றார் பொறுப்பாளர். படித்த பிள்ளைகளுக்குத் தெரியுமே என்றாள் இவள். பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, சோதனைக்காரரைப் பேசச் சொன்னாள்.

“படகை நிறுத்தினது அந்தப் பொம்மையா, அதோட காலா?”

“கால்தான் மேடம்” என்றார் பூதக்கண்ணாடி. “பலகைல யார் கால் இருந்தாலும் படகுக்காரன் அதைத் தூக்க மாட்டான். தூக்கினா புள்ளைங்க தண்ணில விழுந்துடும்ல. முதல் அத்தியாயத்துலேர்ந்தே அப்படித்தான்.”

“இத யாருக்காவது சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலையே.”

பொறுப்பாளர் குறுக்கே வந்து, இதை எழுதிவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு போக்கிரி காலை வைத்துக்கொண்டு நின்றால் மற்ற ஏழு பேரும் படகில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டியதுதான் என்பது அவர் கவலை. அதுவும் நியாயம்தான்.

சிட்டுவிடம் சொல்வதுதான் நட்சத்திர அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. பள்ளி விட்டு வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம், அந்த மஞ்சள் தொப்பி அக்கா சனிக்கிழமை வரமாட்டாள் என்று சொன்னாள். சிட்டு இரண்டாவது காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப அவங்க யாருமே இல்லையா?”

“இல்லடி கண்ணு. ஒருத்தர் வேலை பார்க்கறதுக்கு நிறுத்தி வச்ச பொம்மை.”

“பொம்மைக்கு இருந்த பொறுமை அந்தப் படகுக்காரனுக்கு இல்ல, பாருங்க.”

வெள்ளிக்கிழமை பக்கத்தின் உச்சியில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வந்தது. ‘தவறு என்னுடையது. மஞ்சள் தொப்பிக்காரி கதையில் இல்லை. ஒரு பொம்மையை நான் பாத்திரம் என்று நினைத்துப் புகழ்ந்துவிட்டேன். ஐந்தாவது நட்சத்திரத்தை இப்போதைக்கு என்னிடமே வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. பலகையில் ஒரு கால் இருக்கும்வரை படகு போகாது. யாருடைய காலாகவும் இருக்கலாம்.’ திருத்தம் மதிப்புரையைவிட நன்றாக இருக்கிறதே என்று பத்திரிகை ஆசிரியர் அலுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பொறுப்பாளர் அதைப் படித்துவிட்டு, பலகையை மாற்றிவிடலாமா என்று பூதக்கண்ணாடியிடம் கேட்டாராம்.

“மாத்தலாம் தம்பி. தண்ணில விழற புள்ளைங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க” என்று அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாராம். பலகை இருந்தபடியே இருந்தது.

சனிக்கிழமை மூன்றரைக்கே சிட்டு உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா பக்கத்தில். அம்மா பல் மருத்துவமனை வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் பின்னால் நின்றாள். நான்கு மணிக்குத் துறை திறந்தது. கதையெல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் மணி அடித்தது. சிட்டுவின் இடது கை கடைவீதியைக் கடந்தது. வலைக் குவியலில் ஒரு கால் சிக்கியது, எடுத்தாள், மறுபடி சிக்கியது. தொண்ணூறு விநாடி போய்விட்டது.

குவியலின் உச்சிக்கு ஏறினால்தான் துறை தெரியும். ஏறினாள்.

படகில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் ஒரு கால், கரையில் ஒரு கால் என்று வாத்து மூக்கு வைத்த ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தலையில் மஞ்சள் தொப்பி. பொம்மை இல்லை, சும்மா நிற்க முடியாமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். எந்த வீட்டுப் பிள்ளையோ. சிட்டு படி இறங்கி வருவதைப் பார்த்து ஆறு பேரும் கை ஆட்டினார்கள். அவள் ஏறியதும் வாத்து மூக்கன் கரைக் காலையும் பலகைக் காலையும் எடுத்து உள்ளே வைத்தான், பலகை எழும்பியது.

வேறு ஒரு படகின் பலகையில் ஒரு வாலு பத்து நிமிஷம் காலை எடுக்காமல் நடனம் ஆடினானாம். படகில் இருந்த ஏழு பேரும் ஒன்றாக மணி அடித்துக் காதைக் குடைந்ததில் அவனே உள்ளே குதித்துவிட்டானாம். பொறுப்பாளர் இதை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சிரிப்போடு சொன்னார். ஐந்தாவது நட்சத்திரம் அதற்குள் பக்கத்தில் மறுபடி ஏறியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை சிட்டுவும் விளக்கை ஏற்றினாள், மற்ற எல்லாரையும்போல. ஏற்றிவிட்டு எழுந்திருப்பாள் என்று பார்த்தால், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை கதையில் எதையும் தேடவில்லை. மணி அடிப்பதற்கு வெகு முன்னாலேயே நேராகத் துறைக்கு நடந்து, தொப்பிப் பெட்டியைத் திறந்து மஞ்சளை எடுத்து மாட்டிக்கொண்டு, பலகையில் ஒரு காலை வைத்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து ஏறினார்கள். தொண்ணூறு விநாடி முடிந்தது. படகுக்காரன் இருமினான்.

சாப்பிட வரச் சொல்லி அம்மா சமையலறையிலிருந்து இரண்டாம் முறை குரல் கொடுத்தாள்.

“இரும்மா, ஒரு பாப்பா வலைல மாட்டிக்கிட்டிருக்கு” என்றாள் சிட்டு. கையை விசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நிற்பதற்குத்தான் விரல் வேண்டியதில்லையே.